வீட்டு காக்டெய்ல் கருவிப் பெட்டி வாங்கலாமா?

வீட்டிலேயே காக்டெய்ல் கலக்க விரும்புவோரைக் குறிவைத்து, தேவையான கருவிகள் அனைத்தையும் ஒரே பெட்டியில் அடுக்கி விற்கும் வழக்கம் சில ஆண்டுகளாகப் பரவியிருக்கிறது. நான் இங்கே மதிப்பிடுவது அத்தகைய நடுத்தர விலைப் பெட்டி ஒன்றை. இரண்டு எவர்சில்வர் குவளைகளைக் கொண்ட ஷேக்கர், ஜிக்கர் எனப்படும் இருமுக அளவுக் கோப்பை, கம்பிச்சுருள் வைத்த வடிகட்டி, நுண்துளைச் சல்லடை, முறுக்குக் காம்புள்ள நீண்ட கரண்டி, புதினா நசுக்கும் மரக்கட்டை, புட்டியின் வாயில் செருகும் ஊற்றிகள், ஐஸுக்குப் பதிலாகக் குளிரவைத்துப் போடும் கற்கள், எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க ஒரு மூங்கில் தாங்கி, செய்முறைக் கையேடு ஆகியவை அதில் இருந்தன. ஒரே அச்சில் செய்யப்பட்ட இதே பொருள்கள் பல பெயர்களில் விற்பனைக்கு வருவதால் பெயரைச் சொல்வதில் பயனில்லை; படத்தைப் பார்த்தாலே வாசகர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷேக்கர் குவளைகளும் இரண்டு வடிகட்டிகளும் நன்றாக இருக்கின்றன. ஜிக்கரைச் சற்றுத் திருத்திப் பயன்படுத்தலாம். மற்றவை பெட்டியை நிரப்புவதற்காக வைக்கப்பட்டவை. இவை எல்லாவற்றையும்விடக் காக்டெய்லின் தரத்தைத் தீர்மானிப்பது ஐஸ். அதை எந்தப் பெட்டியிலும் வைத்து அனுப்ப முடியாதுதான். ஆனால் கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததை மன்னிப்பது கடினம்.

நகரத்து பார்களில் நல்ல காக்டெய்ல் குடித்துப் பழகியவர்கள், அதே ஜின்னையும் அதே வெர்மூத்தையும் (மூலிகை மணமூட்டிய ஒயின்) அதே அளவில் வீட்டில் கலந்தும் சுவை ஏன் தட்டையாக இருக்கிறது என்று வியப்பதுண்டு. காரணத்தைப் புட்டிகளில் தேடுவது வீண். கவுன்டரின் முன் அமர்ந்து, பார்டெண்டரின் கைவித்தையை விட்டுவிட்டு அவருடைய ஐஸ் தொட்டியைக் கவனித்தால் பாதி விளங்கிவிடும். அதில் கிடக்கும் கட்டிகள் பெரியவை, கெட்டியானவை, மேற்பரப்பில் நீர் வழியாதவை. ஷேக்கரில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு அவற்றை அள்ளிப் போடுகிறார். குலுக்கி முடித்ததும் அந்த ஐஸைத் தயக்கமின்றிக் கொட்டிவிடுகிறார். கண்ணாடிக் கோப்பைக்குப் புதிய கட்டியை எடுக்கிறார். வீட்டில் நாமோ ஃப்ரீசர் தட்டிலிருந்து நாலைந்து சின்னக் கட்டிகளை எண்ணிப் போட்டுவிட்டு, மிச்சத்தை அடுத்தவருக்கென்று பாதுகாக்கிறோம்.

ஐஸை அதிகம் போட்டால் பானம் நீர்த்துவிடும் என்ற அச்சம்தான் இந்தச் சிக்கனத்துக்குக் காரணம். உண்மை நேர் எதிரானது. ஒரு கிராம் ஐஸ் மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலிருந்து 0 டிகிரிக்கு வரும்போது பானத்திடமிருந்து எடுத்துக்கொள்ளும் வெப்பம் 40 ஜூலுக்கும் குறைவு. அதே ஒரு கிராம் 0 டிகிரியில் உருகும்போது 334 ஜூலை விழுங்குகிறது. ஆகவே குளிர்ச்சியின் பெரும்பகுதி உருகுவதால்தான் கிடைக்கிறது, உருகாமல் குளிரும் காக்டெய்ல் ஷேக்கரில் உருவாக வழியில்லை. ஆல்கஹால் நீரின் உறைநிலையைக் கீழே இறக்கிவிடுவதால், நன்றாகக் குலுக்கிய பானம் பூஜ்ஜியத்துக்கும் ஐந்தாறு டிகிரி கீழே போய் நிற்கும். நாலைந்து சிறு கட்டிகளை மட்டும் போட்டால் அவை முழுவதும் உருகிக் கரைந்துவிடும். நீர் சேர்ந்திருக்கும், குளிர் சேர்ந்திருக்காது. 1806 மே மாதம், நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரிலிருந்து வெளிவந்த செய்தித்தாள் ஒன்று காக்டெய்ல் என்றால் என்ன என்று வாசகருக்கு விளக்கியபோது, மது, சர்க்கரை, பிட்டர்ஸ் எனப்படும் கசப்பு மூலிகைச் சாரம் ஆகியவற்றோடு நீரையும் ஒரு சேர்மானமாகவே குறிப்பிட்டது. நல்ல பார் நமக்குத் தருவது, அளந்து சேர்க்கப்பட்ட அந்த நீர்தான்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பெட்டிக்குள் வருவோம். குவளைகளில் பெரியது சுமார் 830 மில்லி, சிறியது சுமார் 530 மில்லி கொள்ளும். இரண்டின் அடியிலும் கூடுதல் தகடு வைத்துக் கனமாக்கியிருக்கிறார்கள். ஐஸ் நிரப்பும்போது சாய்ந்து விழாது. சிறிய குவளையில் மதுவையும் சாற்றையும் ஊற்றி, மேல்வரை ஐஸ் போட்டு, பெரியதைச் சற்றுச் சாய்த்துக் கவிழ்த்து, மேலிருந்து ஒரு தட்டுத் தட்டினால் இரண்டும் பிடித்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் இரண்டு குவளைகளும் ஒரே நேர்க்கோட்டிலும் மறுபக்கம் இடைவெளியோடும் நிற்க வேண்டும். அந்த இடைவெளிதான் பின்னர் திறப்பதற்கான வழி. குலுக்கத் தொடங்கிய சில விநாடிகளில் உள்ளே அடைபட்ட காற்று குளிர்ந்து சுருங்குவதால் பிடிப்பு மேலும் இறுகுகிறது; ஒரு துளிகூடக் கசிவதில்லை. தொடக்கத்தில் கணீரென்று கேட்கும் ஐஸ் ஓசை மெல்ல மந்தமாகி, குவளையின் வெளிப்புறத்தில் வெண்மையாகப் பனி படர்ந்து, விரல் நுனி ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சில்லிட்டுவிட்டால் நிறுத்திவிடலாம். பன்னிரண்டு முதல் பதினைந்து விநாடிகள் போதும். அதற்கு மேல் குலுக்கினாலும் வெப்பநிலை பெரிதாக இறங்காது, கை வலிதான் மிச்சம். இடைவெளி தொடங்கும் இடத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓர் அடி கொடுத்தால் குவளைகள் முரண்டு பிடிக்காமல் பிரிந்துவிடுகின்றன. விலை மலிந்த ஷேக்கர்களில் விளிம்பு வட்டம் பிசகியிருப்பதால் முதல் குலுக்கலிலேயே சட்டை நனையும். இந்தப் பெட்டியில் அந்தக் குறை இல்லை.

மூடியிலேயே வடிகட்டி பொருத்திய மூன்று துண்டு ஷேக்கர்தான் அழகானது என்று பலர் அதைத் தேடிப் போகிறார்கள். புரூக்ளினைச் சேர்ந்த எட்வர்ட் ஹாக் என்பவர் 1884ஆம் ஆண்டில் அந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் ஜப்பானிய பார்டெண்டர்கள் அதை அற்புதமாகக் கையாளுகிறார்கள். ஆனால் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். குளிரில் உலோகம் சுருங்கி மேல்மூடி சிக்கிக்கொள்வது அதன் பிறவிக் குணம்; விருந்தினர் காத்திருக்கும்போது வெந்நீர்க் குழாயின் கீழே ஷேக்கரைக் காட்டிக்கொண்டிருப்பது யாருக்கும் பிடிக்காது.

அடுத்தது ஜிக்கர். இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டிய இந்த வடிவத்துக்கு சிகாகோவைச் சேர்ந்த கார்னீலியஸ் டங்கன் 1893இல் காப்புரிமை பெற்றார். பெட்டியிலுள்ளது ஒருபுறம் 30 மில்லி, மறுபுறம் 60 மில்லி. உள்ளே 15, 20, 45 என்று கோடுகள் பொறித்திருக்கிறார்கள். சமையலறைத் தராசில் வைத்து நீர் ஊற்றிச் சோதித்தேன். ஒரு மில்லி நீர் ஒரு கிராம் என்பதால் இதைவிட எளிய சோதனை கிடையாது. விளிம்புவரை நிரப்பியபோது 30உம் 60உம் சரியாகவே இருந்தன. 15 மில்லிக் கோட்டில் இருந்தது 13 கிராம். 20 மில்லிக் கோட்டில் 18 கிராமுக்கும் குறைவு. இரண்டு மில்லியில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். 20 மில்லி எலுமிச்சைச் சாற்றில் இரண்டு மில்லி குறைவது பத்தில் ஒரு பங்கு. புளிப்பும் இனிப்பும் சரிநிகராக நிற்க வேண்டிய பானத்தில் நாக்கு அதை உடனே கண்டுபிடித்துவிடும். கோட்டைத் தாண்டிச் சற்று மேலே ஊற்றிப் பழகினால் சமாளித்துக்கொள்ளலாம். ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய அளவுக் கோப்பையை அளந்து சரிபார்க்க வேண்டியிருப்பது எரிச்சலூட்டுகிறது.

வடிகட்டிகளைப் பற்றிப் புகார் இல்லை. கம்பிச்சுருள் நெருக்கமாகவும் விறைப்பாகவும் இருப்பதால் ஐஸ் சிதறல்கள் தாண்டி வருவதில்லை. சல்லடையையும் சேர்த்துப் பிடித்தால் புதினாத் துணுக்குகளும் பழச்சக்கையும் நின்றுவிடுகின்றன. கரண்டி நீளமாக இருப்பது நல்லது, ஆனால் காம்பும் கிண்ணமும் சேருமிடத்தில் ஒட்டு பலவீனம்.

குளிர்க் கற்களுக்கு வருகிறேன். விஸ்கியை நீர்க்கவைக்காமல் குளிர்விக்கும் என்று அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். முன்னர் சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். இந்தக் கற்களுக்குப் பயன்படும் மாக்கல்லில் ஒரு கிராம் ஒரு டிகிரி சூடேற எடுத்துக்கொள்வது ஏறத்தாழ ஒரு ஜூல். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கல் 0 டிகிரிக்கு வருவதற்குள் கிராமுக்குச் சுமார் 18 ஜூலை எடுத்துக்கொள்கிறது. உருகும் ஐஸோ 334 ஜூல். கற்கள் உருகாது என்ற பெருமையே அவற்றின் கையாலாகாத்தனத்துக்கும் காரணம். கண்ணாடிக் கோப்பையில் மோதிப் பல்லில் இடிப்பதைத் தவிர அவற்றால் குறிப்பிடத்தக்க வேலை எதுவும் நடப்பதில்லை.

மரக்கட்டையின் அடியில் பற்களைப் போலச் செதுக்கியிருக்கிறார்கள். அது புதினா இலையைக் கிழித்துவிடும். இலையின் மணம் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது, லேசாக அழுத்தினாலே வெளிப்படும். கிழித்தால் பச்சிலைக் கசப்பும் கூடவே இறங்கும். அதைவிடக் கவலைக்குரியது கட்டையின் மேல் பூசிய வார்னிஷ். எலுமிச்சையின் அமிலம் பட்டுப்பட்டுச் சில வாரங்களில் அது செதிலாக உரியத் தொடங்கியது. உரிந்தது எங்கே போயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பூச்சில்லாத மரக்கட்டையோ, தட்டையான அடியுள்ள வேறெந்தக் கட்டையோ இதைவிட மேல். ஊற்றிகள் இரவு முழுவதும் வேகமாக ஊற்ற வேண்டிய பாருக்கு உரியவை. வீட்டில் மாதக்கணக்கில் நிற்கும் புட்டியில் அவற்றைச் செருகி வைத்தால் மணம் வெளியேறும், சிறு பூச்சிகள் உள்ளே போகும்.

இனி கையேட்டில் எழுதியிருக்க வேண்டிய ஐஸ் விவகாரம். ஃப்ரீசரில் திறந்து கிடக்கும் ஐஸ் அங்கே இருக்கும் மீன், வெங்காயம் என எல்லா வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். மூடியுள்ள சிலிக்கான் அச்சுகளில் உறையவைத்து, உறைந்தவுடன் காற்றுப் புகாத பைக்கு மாற்றிவிடுவது நல்லது. ஒரு பக்கம் நான்கைந்து சென்டிமீட்டர் அளவுள்ள பெரிய கட்டிகள் கோப்பைக்கு. சாதாரண அளவுக் கட்டிகள் ஷேக்கருக்கு. வெளியே எடுத்து வைத்து நீர் கசியத் தொடங்கிய ஐஸை ஷேக்கரில் போடக் கூடாது. அதன் மேல் ஒட்டியிருக்கும் நீர் குளிர்விக்காமலேயே பானத்தை நீர்க்கவைக்கும்.

பார்களில் காணும் கண்ணாடி போன்ற தெளிவான ஐஸ் வேண்டுமென்றால் அதற்கும் தனி இயந்திரம் தேவையில்லை. சிறிய வெப்பக்காப்புப் பெட்டி ஒன்றில் நீர் நிரப்பி, மூடியைக் கழற்றிவிட்டு ஃப்ரீசரில் வைத்தால், பக்கங்களும் அடியும் காக்கப்பட்டிருப்பதால் நீர் மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே உறையும். உறையும் ஐஸ் தன்னிடமுள்ள காற்றையும் கரைந்த உப்புகளையும் கீழே தள்ளிக்கொண்டே போவதால் மேற்பகுதி தெளிவாகவும், கடைசியில் உறையும் அடிப்பகுதி வெள்ளையாகவும் அமையும். ஒரு நாள் கழித்து, அடியில் இன்னும் நீர் இருக்கும்போதே வெளியே எடுத்து, கால் மணி நேரம் ஆறவிட வேண்டும். உடனே வெட்டினால் வெடித்துச் சிதறும். பிறகு ரம்பப் பல் கத்தியால் கோடு கீறி, கத்தியின் முதுகில் தட்டினால் நேராகப் பிளக்கும். தெளிவான ஐஸுக்குத் தனிச் சுவை எதுவும் இல்லை. கெட்டியாக இருப்பதால் விரிசல் விடாது, கண்ணுக்கும் விருந்து. நியூயார்க்கில் 1999ஆம் ஆண்டின் இறுதியில் சாஷா பெட்ராஸ்க் தொடங்கிய மில்க் அண்ட் ஹனி பார் பின்னர் உலகெங்கும் பின்பற்றப்பட்டதற்கு, கையால் வெட்டிய பெரிய ஐஸும் ஒவ்வொரு துளியையும் ஜிக்கரில் அளக்கும் ஒழுக்கமும் முக்கியக் காரணங்கள். ஆடம்பரச் சரக்கு எதையும் நம்பி அந்தப் பெயர் வந்துவிடவில்லை.

கையேட்டின் செய்முறைகள் ஏமாற்றமளித்தன. டாக்கிரி என்ற ரம் காக்டெய்லுக்கு, 60 மில்லி ரம்முக்குச் சம அளவில் புட்டியில் அடைத்த எலுமிச்சைச் சாற்றை ஊற்றச் சொல்கிறார்கள். அதைக் குடித்தவர் இனி காக்டெய்லே வேண்டாம் என்று முடிவு செய்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. கியூபாவின் சாண்டியாகோ நகருக்கு அருகிலுள்ள டாக்கிரி என்ற ஊரில், 1898 வாக்கில் ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் கலந்ததாகக் கூறப்படும் இந்தப் பானத்தில் மறைக்க ஒன்றுமில்லை. ரம், எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ் என்ற நான்கே பொருள்கள்தான். ஆகையால் ஒரு பாரையும் ஒரு வீட்டுக் கருவியையும் சோதிக்க இதைவிடச் சிறந்த பானம் இல்லை என்பது என் கருத்து. 60 மில்லி வெள்ளை ரம், அப்போதே பிழிந்து வடித்த எலுமிச்சைச் சாறு 20 மில்லி, சர்க்கரையும் நீரும் சம எடையில் கரைத்த பாகு 15 மில்லி ஆகியவற்றைக் கலந்தால் 95 மில்லி வரும். முழுக் குவளை ஐஸோடு குலுக்கி வடித்தபோது எனக்குக் கிடைத்தது ஏறத்தாழ 130 மில்லி. அந்தக் கூடுதல் நீர் இல்லாமல் அதே கலவையை வெறுமனே சுவைத்துப் பாருங்கள். ரம்மின் காரமும் எலுமிச்சையின் புளிப்பும் தனித்தனியே கத்திக்கொண்டிருக்கும். நீர் சேர்ந்ததும் ரம்மின் கரும்பு வாசனை மேலெழுகிறது.

புதிய சாறு என்ற இந்த எளிய விதிகூட நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. தூளிலும் புட்டியிலும் வந்த புளிப்புக் கலவைகளே பார்களை ஆண்ட காலத்தில், நியூயார்க்கின் ரெயின்போ ரூம் உணவகத்தில் 1987 முதல் டேல் டிகிராஃப் என்ற பார்டெண்டர் புதிதாகப் பிழிந்த சாற்றை மட்டுமே வைத்துக் கலக்கத் தொடங்கியது பெரிய திருப்பமாக அமைந்தது. இன்றும் எந்த பாரில் நுழைந்தாலும் நான் முதலில் தேடுவது கவுன்டரில் எலுமிச்சை பிழியும் கருவி இருக்கிறதா என்பதைத்தான். அடுத்ததாகப் பார்ப்பது வெர்மூத் புட்டி எங்கே நிற்கிறது என்பதை. வெர்மூத் என்பது செறிவூட்டிய ஒயின். 15 முதல் 18 சதவீதம் ஆல்கஹால் மட்டுமே உள்ளது. திறந்த பிறகு ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு மாதங்களுக்குள் முடித்துவிட வேண்டும். மாடியில் அமைந்த, விளக்கலங்காரத்துக்குப் பெயர்போன ஒரு பாரில் சூடான விளக்கின் கீழே தூசி படிந்து நின்ற வெர்மூத்தை எடுத்து எனக்கு நெக்ரோனி என்ற காக்டெய்லைக் கலந்தார்கள். வினிகரின் சாயல் அடித்தது. அதே பானத்தை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் புகையோடு கொண்டுவந்து வைத்தார்கள். புகைக்கூண்டுகளின் மேல் எனக்குள்ள கசப்பை இந்த இடத்தில் பதிவு செய்துவிடுகிறேன்: ஆரஞ்சுத் தோலின் எண்ணெயை முகர வேண்டிய மூக்குக்கு அடுப்புக்கரி வாசனையைக் கொடுப்பதில் என்ன கலை இருக்கிறது?

நெக்ரோனி 1919இல் ஃபிளாரன்ஸ் நகரத்தில், நெக்ரோனி பிரபு தமது அமெரிக்கானோவில் (கம்பாரி என்ற கசப்பான இத்தாலிய மது, இனிப்பு வெர்மூத், சோடா ஆகியவை சேர்ந்த பானம்) சோடாவுக்குப் பதிலாக ஜின் ஊற்றச் சொன்னதால் பிறந்தது என்பது வழங்கிவரும் கதை. ஜின், கம்பாரி, இனிப்பு வெர்மூத் மூன்றும் தலா 30 மில்லி. சாறு, பால், முட்டை எதுவும் சேராத இத்தகைய கலவைகளைக் குலுக்காமல் கிளற வேண்டும். குலுக்கினால் காற்றுக் குமிழிகள் புகுந்து கலங்கலாகி, நாவில் உருளும் வழவழப்பு போய்விடும். பெட்டியில் இதற்கென்று தனிக் கண்ணாடிப் பாத்திரம் இல்லை, தேவையும் இல்லை. பெரிய குவளையிலேயே அரை நிமிடம் கிளறினால் போதும். கரண்டியின் முதுகு குவளையின் சுவரை உரசியபடி சுற்ற வேண்டும், ஐஸ் முழுவதும் ஒன்றாகச் சுழல வேண்டும். சலசலவென்று சத்தம் வந்தால் கை சரியில்லை என்று பொருள்.

இத்தகைய பானங்களில் வீடு பாரையே மிஞ்சக்கூடிய ஒரு வழி இருக்கிறது. விருந்துக்கு முந்தைய நாளே நெக்ரோனியை மொத்தமாகக் கலந்து, அதன் அளவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்குவரை நல்ல குடிநீர் சேர்த்து, புட்டியில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். ஐஸ் செய்ய வேண்டிய நீர்வேலையை நாமே அளந்து செய்துவிட்டதால், ஒவ்வொரு கோப்பையும் ஒரே சுவையில் இருக்கும். பெரிய கட்டி ஒன்றின் மேல் ஊற்றிக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் இதை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. நீர் சேர்ந்தபின் இருபது சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்ட கலவை அங்கே ஊசி ஊசியாக உறையும். 60 மில்லி ஜின்னுக்கு 10 மில்லி உலர் வெர்மூத் சேர்த்த மார்ட்டினியை நீர் சேர்க்காமல் ஃப்ரீசரில் வைத்து, குளிர்ந்த நீரைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். எலுமிச்சை சேரும் எதையும் முன்கூட்டிக் கலந்து வைப்பது வீண். சாறு சில மணி நேரத்திலேயே துவண்டுவிடும்.

பெட்டி வாங்குபவர் அத்துடன் வாங்க வேண்டிய முதல் புட்டி பிட்டர்ஸ். ஜெர்மானிய மருத்துவர் ஜோஹான் சீகெர்ட் வெனிசுலாவின் அங்கோஸ்துரா நகரில் 1824இல் வயிற்றுக் கோளாறுக்காக உருவாக்கிய அங்கோஸ்துரா பிட்டர்ஸ் இப்போது டிரினிடாட்டில் தயாராகிறது; புட்டியைவிடப் பெரிதாக, கழுத்துவரை ஏறி நிற்கும் அதன் காகித உறையை வைத்தே அடையாளம் காணலாம். இரண்டு மூன்று துளிகள் மட்டுமே செலவாவதால் ஆண்டுக்கணக்கில் வரும். அதன் பின் ஒரு ஜின், ஒரு வெள்ளை ரம், ஒரு இனிப்பு வெர்மூத், ஒரு கம்பாரி இருந்தால் நாள்கணக்கில் சலிக்காமல் கலக்கலாம். லிக்யூர் எனப்படும் வண்ண வண்ண இனிப்பு மதுப் புட்டிகளை வரிசையாக வாங்குவது பாரின் வேலை. அத்தகைய பானத்துக்கு ஆசை வந்தால் பாருக்கே போய்விடுவது சிக்கனம். முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்த விஸ்கி சவர், அப்போதே எடுத்த எஸ்பிரெஸ்ஸோ தேவைப்படும் எஸ்பிரெஸ்ஸோ மார்ட்டினி ஆகியவற்றையும் நான் பாரில்தான் குடிக்கிறேன். அங்கே கைப்பழக்கம் உண்டு, கழுவ ஆளும் உண்டு.

வீட்டில் கலப்பதில் ஒரு விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். நெக்ரோனி பார்வைக்குச் சிறியது. 40 சதவீத ஜின் 30 மில்லியில் 12 மில்லி, கம்பாரியை 25 சதவீதம் என்று கொண்டால் 7.5 மில்லி, வெர்மூத்தில் ஏறத்தாழ 5 மில்லி என்று கூட்டினால் 24 மில்லிக்கும் மேல் தூய ஆல்கஹால் வருகிறது. 60 மில்லி விஸ்கியில் இருப்பதும் அதே அளவுதான். மார்ட்டினியில் இன்னும் சற்று அதிகம். குளிரும் இனிப்பும் அதை மறைத்துவிடுவதால் விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதும், வண்டி ஓட்டி வந்தவருக்குக் கலந்து கொடுக்காமல் இருப்பதும் கலப்பவரின் பொறுப்பு. கையேட்டின் படங்களில் காணும் அகன்ற, 250 மில்லிக்கும் மேல் கொள்ளும் கோப்பைகள் இந்த விஷயத்திலும் கெடுதல் செய்கின்றன. அவற்றை நிரப்பினால் ஒருவருக்கு இரண்டு பங்கு போய்விடும், பாதி குடிப்பதற்குள் மீதி சூடேறியும் விடும். 120 முதல் 150 மில்லிவரை கொள்ளும் சிறிய கோப்பையை ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்துப் பயன்படுத்துவதே சரி.

பரிசாகக் கொடுப்பதற்கு இந்தப் பெட்டி பார்வையாக இருக்கிறது; அந்த வகையில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தனக்கென்று வாங்குபவர், பார்களுக்குச் சரக்கு வழங்கும் கடையில் கனமான அடியுள்ள குவளை ஜோடி, கம்பிச்சுருள் வடிகட்டி, சல்லடை, நல்ல ஜிக்கர் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்தால் பெட்டியின் விலையைத் தாண்டாது. மிச்சத்தில் மூடியுள்ள ஐஸ் அச்சுகளும் ஒரு வெப்பக்காப்புப் பெட்டியும் வந்துவிடும்.

பல மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு பொருள்களின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். குவளைகளில் கீறல்கள் விழுந்திருக்கின்றன, விளிம்பு நெளியவில்லை, பிடிப்பு தளரவில்லை. வடிகட்டியின் கம்பிச்சுருளை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவி உலர்த்த வேண்டும். பழச்சக்கை அதன் வளைவுகளில் தங்கி மறுநாள் புளித்த வாடை அடிக்கும். கரண்டியின் கிண்ணம் ஆடத் தொடங்கிவிட்டது. மூங்கில் தாங்கியில் ஈரக் குவளைகளைக் கவிழ்த்து வைத்த இடமெல்லாம் கறுத்துப் பூஞ்சை பிடித்ததால் அதை வெளியே போட்டுவிட்டேன். குவளைகள் இப்போது மற்றப் பாத்திரங்களோடு சமையலறை அலமாரியில் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன.